மைக் செட்காரர் மகள்

இப்போது இதற்கு நாகரிகமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். மிகை உணர்திறன் கொண்டவர்களாம். கைபேசியைத் திறந்தால் யாராவது ஒருவர் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, சத்தமும் கூட்டமும் தன்னை எப்படிப் பாடாய்ப் படுத்துகின்றன என்று அழகாகப் பேசுகிறார். ஊரே கீழே இதயம் போடுகிறது. நான் சின்னவளாக இருந்தபோது எனக்குக் கிடைத்த பெயர் தொட்டாச்சிணுங்கி. அதற்கு யாரும் இதயம் போடவில்லை.

என் அப்பா மைக் செட் வாடகைக்கு விடுபவர். ஆண்டவனுக்கு விளையாட வேறு இடமே கிடைக்கவில்லை போலிருக்கிறது, காது பொறுக்காத பிள்ளையைக் கொண்டுவந்து மைக் செட்காரர் வீட்டில் போட்டார். வேங்கிக்காலில் எங்கள் வீட்டு முன்னறையில் நாற்காலி கிடையாது, ஸ்பீக்கர் பெட்டிகள்தான். வருகிறவர்கள் அதன்மேல்தான் உட்காருவார்கள். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று வெளியே போய்விட்டு வரும் குழாய் ஸ்பீக்கர்களை அப்பா வாசலில் வைத்துச் சோதித்துப் பார்ப்பார். 'உஷ், உஷ், ஹலோ' என்று அவர் ஊதும்போதே நான் மாடிக்கு ஓடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். வருஷக்கணக்கில் அந்தச் சத்தத்தில் கிடந்து அப்பாவுக்குக் காது மந்தமாகியிருந்தது. அதனால் சோறு போடு என்பதைக்கூட அவர் கூட்டத்தில் பேசுகிறவர் மாதிரிதான் சொல்லுவார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், தூரத்திலிருந்து.

சத்தம் மட்டும் என்றாலாவது பரவாயில்லை. யூனிஃபார்ம் கழுத்தில் தைத்திருந்த லேபிள் நாள் முழுக்க என்னை அரிக்கும். எதிர்வீட்டில் பெருங்காயம் தாளித்தால் எனக்குத் தலை வலிக்கும். வகுப்பில் டீச்சர் பக்கத்து பெஞ்சுக்காரியைத் திட்டினால் அவள் பிள்ளையார் சிலை மாதிரி நின்றுகொண்டிருப்பாள், நான் தேம்பித் தேம்பி அழுவேன். "உன்னை யாருடி திட்டினாங்க?" என்று டீச்சர் கேட்பார். விளையாட என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் அழுதுவிடுவேன், அழுதால் அவர்களுக்கு அடி விழும். யார்தான் கூப்பிடுவார்கள்?

விசேஷ நாட்களுக்கு வரும் அத்தை, அப்பாவின் தங்கை, வாய்க்கு வாய் சொல்லுவாள். "இன்னா அண்ணி, பொண்ணப் பெத்து வெச்சிருக்கீங்களா, கண்ணாடி டம்ளரப் பெத்து வெச்சிருக்கீங்களா? நாளைக்கு இன்னொரு வீட்ல போய் எப்படிப் பொழைக்கும் இது?"

அம்மா பாவம், பார்க்காத வைத்தியம் இல்லை. ஏதோ பயந்த கோளாறு என்று யாரோ சொல்ல, தர்காவுக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு பெரியவர் ஓதி என் முகத்தில் தண்ணீர் தெளித்தார். அவர் குரல் மெதுவாக, இதமாக இருந்தது. எனக்கு அது பிடித்துப்போய், நாளைக்கும் வரலாமா என்று கேட்டேன். பிள்ளைக்கு இன்னும் தெளியவில்லை என்று அம்மா வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். கடைசியாகக் கோயிலில் நின்று ஒரு வேண்டுதல் வைத்தாள். "அண்ணாமலையாரே, இவ சரியாயிட்டா தீபத்தன்னிக்கு இவளையும் கூட்டிக்கினு, கால்ல செருப்பில்லாம உன் மலைய சுத்தி வரேன்." கூட்டம் கண்டால் நடுங்கும் பிள்ளை குணமானதற்கு நன்றியாக, வருஷத்திலேயே பெரிய கூட்டத்தில் அதை நடக்க வைப்பதாக வேண்டிக்கொண்ட தாய் எங்கள் ஊரில்தான் இருக்க முடியும். அன்றைக்கு எனக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

மேடத்திடம் போகச் சொன்னது என் வகுப்பு டீச்சர்தான். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில், வெள்ளைக்காரர்கள் காபி குடிக்கும் ஒரு கடைக்கு மேலே அவர் அறை. குழந்தைகளுக்கு கவுன்சலிங் செய்கிறவர். மனசு டாக்டர் என்று வெளியே தெரிந்தால் பிள்ளைக்குப் பைத்தியம் என்று முத்திரை குத்திவிடுவார்கள் என அம்மாவுக்குப் பயம். அக்கம்பக்கத்தில் கணக்கு டியூஷன் என்று சொல்லி வைத்தாள். கணக்கில் நான் எப்போதும் முதல் மார்க், அது யாருக்கும் உறைக்கவில்லை.

அந்த அறையில் டியூப் லைட் எரியவில்லை. ஜன்னல் வெளிச்சம் மட்டும்தான். பாய் விரித்திருந்தது. ஏன் அழுகிறாய் என்று மேடம் கேட்பார், திருதிருவென்று விழிக்க வேண்டியிருக்கும் என்று பயந்துகொண்டே உட்கார்ந்தேன். அவர் கேட்கவில்லை. ஒரு சில்வர் டம்ளரையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் என் முன்னால் வைத்தார். "இன்னிக்குக் காலைல இருந்து உனக்குள்ள எவ்ளோ ரொம்பியிருக்குன்னு ஊத்திக் காட்டுறியா?" என்றார். நான் ஊற்றினேன். டம்ளர் நிரம்பியது, வழிந்தது, பாய் நனைந்தது, நான் நிறுத்தவில்லை. அம்மா பதறிப்போய் எழுந்தாள். மேடம் நனைந்த பாயைப் பார்த்துவிட்டு, "இவ்ளோவா? அப்ப ரொம்பக் கஷ்டமாத்தான் இருந்திருக்கும்," என்றார்.

அதுவரை யாரும் எனக்கு அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சும்மா இரு என்று சொல்லியிருக்கிறார்கள், இதுக்கெல்லாமா அழுவாங்க என்று சொல்லியிருக்கிறார்கள், கொஞ்சியிருக்கிறார்கள், அடித்தும் இருக்கிறார்கள். எனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தனை பேர் நடுவில் நான் ஒண்டியாகத்தான் இருந்திருக்கிறேன் என்பது அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அன்றைக்கு அழுத அழுகை வேறு மாதிரி இருந்தது, தலை வலிக்கவில்லை.

வாரா வாரம் போனோம். டம்ளர் வழிகிறவரை காத்திருக்காமல் பாதியிலேயே வாய்விட்டுச் சொல்லக் கற்றுக்கொண்டேன். 'ரொம்பிடுச்சு' என்று சொல்லிவிட்டு ஒரு ஓரமாகப் போய் மூச்சை மெதுவாக விட வேண்டும், அவ்வளவுதான். டீச்சர் என்னை ஜன்னலோர பெஞ்சுக்கு மாற்றினார். அம்மா லேபிளையெல்லாம் கத்தரித்துப் போட்டாள். இவளுக்கு முட்டிக்கொண்டு வரும்போது கூப்பிடாதீர்கள், கேள்வி கேட்காதீர்கள், பக்கத்தில் சும்மா உட்காருங்கள் என்று மேடம் அம்மாவிடம் சொல்லியிருந்தார். அதை அம்மா சாப்பாட்டு நேரத்தில் அப்பாவிடம் ஒப்பித்தாள். "சும்மா உக்காரணுமா?" என்று அப்பா வீடு அதிரச் சிரித்தார். "சும்மா உக்காந்தா பொழப்பு ஓடுமா?" ஒருநாள் அவரும் வரட்டும் என்று மேடம் சொல்லி அனுப்பினார். அப்பா போகவில்லை. சீசன் நேரம் என்றார். எங்கள் ஊரில் சீசன் இல்லாத நேரம் எது?

ஐப்பசி வாக்கில் ஒருநாள் மேடம் அம்மாவிடம் நிதானமாகச் சொன்னார். "இது வியாதி இல்லம்மா. அவ பொறப்பே அப்படி. அதுக்குத் தக்கபடி நாமதான் நடந்துக்கணும்." அம்மா காதில் முதல் வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. வியாதி இல்லை! வீட்டுக்கு வருகிற ஆட்டோவிலேயே மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிள்ளை குணமாகிவிட்டாள், வேண்டுதலை நிறைவேற்ற வேண்டும்.

மேடத்திடம் அம்மா இதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார். வேண்டுதலைச் செய்யாவிட்டால் சாமி அம்மாவைத்தானே தண்டிக்கும்? இந்த விஷயத்தை நான் யாரிடம் போய்க் கேட்பது? எப்படியாவது அழாமல் நடந்துவிட வேண்டும், அம்மாவைச் சாமியிடம் மாட்டிவிடக் கூடாது. தீபம் வருகிறவரை எனக்கு அது ஒன்றுதான் நினைப்பு.

தீபத்தன்று மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அம்மா, அத்தை, நான் மூவரும் கிளம்பினோம். அப்பா விடிகாலையிலேயே போய்விட்டார். கிரிவலப் பாதையில் ஒரு பெரிய அன்னதானப் பந்தலுக்கு அவர்தான் மைக் செட். புதுப் பட்டுப் பாவாடை இடுப்பில் அறுத்தது. பெரிய கோபுரத்தைத் தாண்டுவதற்குள்ளேயே என் டம்ளரில் பாதி நிறைந்துவிட்டது. ஜனம் ஜனம் ஜனம். வியர்வை, கற்பூரம், சுண்டல், ஊதுகுழல், போலீஸ் விசில். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் முகம் அப்படி ஒரு பூரிப்பாக இருந்து நான் பார்த்ததில்லை. "பாத்தியா, எப்படி நடக்குது என் பொண்ணு," என்று அத்தையிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். "அடேங்கப்பா, தேறிட்டாளே!" என்றாள் அத்தை. செங்கம் ரோட்டில் நடக்கும்போது மேடத்தின் சந்து கண்ணில் பட்டது. என் டம்ளர் நிரம்பியிருந்தது. சொல்லக் கற்றுக்கொண்ட வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிவிட்டேன்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு அப்பாவின் பந்தலுக்கு வந்து சேர்ந்தோம். அங்கேயே நின்று தீபம் பார்க்கலாம் என்றாள் அம்மா. எல்லோரும் மலையுச்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். உச்சியில் நெருப்பு தெரிந்ததும் அந்த ரோடு முழுக்க ஒரே குரலாக "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று எழுந்தது. வேட்டு வெடித்தது. அப்பாவின் குழாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறின. அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். இரண்டு கையையும் தூக்க வேண்டுமென்றால் என் கையை விட்டுத்தானே ஆக வேண்டும்.

எப்படிப் போனேன் என்று தெரியாது. பந்தலுக்குப் பின்னால் தண்ணீர் லாரி ஒன்று நின்றது. அதன் சக்கரத்துக்கும் விறகுக் குவியலுக்கும் நடுவே புகுந்து, காதைப் பொத்திக்கொண்டு, வாய்விட்டு அலறினேன். என் அலறல் எனக்கே கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் குழாயில் என் பெயர் வந்தது. "பக்த கோடிகளின் கனிவான கவனத்திற்கு. பச்சைப் பாவாடை, மஞ்சள் சட்டை அணிந்த பெண் குழந்தை..." அப்பாவின் தொழில் குரல். தலைக்கு நேர் மேலே ஒரு குழாய், ரோட்டோரம் வரிசையாக இன்னும் எத்தனையோ. அத்தனையும் என் பெயரைச் சொல்லிக் கத்தின. என்னைக் கூப்பிடுகிற சத்தமே என்னை இன்னும் உள்ளே தள்ளியது. எழுந்து போக வேண்டும் என்று தெரிகிறது, கால் வரவில்லை. நாலு எட்டு வைத்தால் அப்பா. அந்த நாலு எட்டுக்குள் என்னைவிட அநாதை அந்த மலையைச் சுற்றி ஒருவரும் இல்லை என்று இருந்தது. மறுபடி கூப்பிட்டார். மறுபடியும். அப்புறம் கனிவான கவனமெல்லாம் போய்விட்டது. "பாப்பா, எங்கம்மா இருக்க? அப்பாகிட்ட வந்துடும்மா..."

சட்டென்று எல்லாம் நின்றுபோயிற்று. பாட்டு இல்லை, அறிவிப்பு இல்லை, ஒரு குழாய்கூடப் பேசவில்லை. அந்த நிசப்தத்தில் யாரோ ஒரு குழந்தை கேவுவது கேட்டது. அது நான்தான் என்று புரியக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

லாரிக்கு அடியில் அப்பாவின் கால்கள் தெரிந்தன. இப்போது கத்தப் போகிறார் என்று உடம்பைச் சுருக்கிக்கொண்டேன். அவர் குனிந்து என்னைப் பார்த்தார். அந்தச் சேற்றிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். என்னைத் தொடவில்லை. பின்னாலேயே ஓடிவந்த அம்மா வாயைத் திறந்தாள். அப்பா கையைக் காட்டி அவளை அடக்கினார். அவளும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று பேரும் அப்படியே இருந்தோம். என் மூச்சு மெல்ல மெல்ல என்னிடம் திரும்பி வந்தது. நானாகவே நகர்ந்து நகர்ந்து போய் அப்பாவின் மடியில் ஏறிக்கொண்டேன். அவர் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"கரண்ட் போயிடுச்சாப்பா?" என்று கேட்டேன்.

"ஆமாம் பாப்பா. போயிடுச்சு." அவ்வளவு மெதுவான குரல் அப்பாவிடம் இருக்கிறது என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது.

பந்தல்காரர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். "யோவ், பேச வந்த தலைவர் மைக்கப் புடிச்சிக்கினு பேந்தப் பேந்த முழிக்கிறாரு, நீ இங்க வந்து குந்திக்கினு இருக்கியா? மானத்த வாங்கிட்டியேய்யா! அடுத்த வருசம் இந்தப் பக்கம் தலையக் காட்டாத, சொல்லிட்டேன்." அப்பா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் முதுகில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் கோபமாக வந்தது. கரண்ட் போனதற்கு என் அப்பா என்ன செய்வார், பாவம்? எங்கள் தலைக்கு மேலே, பந்தல் நெடுக, டியூப் லைட்டும் சீரியல் பல்புமாகப் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன.