நடுவானில் நின்ற எட்டுப் பெட்டி

போன சனிக்கிழமை. சாயங்காலம் நாலு மணி இருக்கும். அரியலூர் சந்தை மைதானத்தில் அண்ணாந்து பார்த்தபடி நின்றுகொண்டிருந்தேன். கழுத்து வலித்தது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

எப்படி எடுப்பது? ஒரு தென்னைமர உயரத்தில், ஓட்டம் நின்றுபோன ராட்டினத்தின் உச்சிப் பெட்டியில் என் மனைவி ஆரோக்கியமும் எங்கள் ஐந்து வயது மகள் ஸ்டெல்லாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் ஏன் கீழே?... உங்களிடம் என்ன மறைப்பது! எனக்கு உயரம் என்றால் ஆகாது. மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளித்தான் நிற்பேன். மனைவியிடம் சொன்னது வேறு: "முழங்கால் கொஞ்சம் பிடிச்சிருக்கு. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க." அவளும் நம்பியதுபோல் போனாள்.

இந்த ராட்டினத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டு வாரம் முன்பு இதே பத்திரிகையில், இதே பக்கத்தில் அதைப் புகழ்ந்து தள்ளியவன் அடியேன்தான். பார்த்துவிட்டா எழுதினேன்? இல்லை. நோட்டீஸைப் பார்த்து எழுதினேன். "எஞ்சினில் சுழலும் எட்டுப் பெட்டி ராட்டினம்! மனிதர் கைபடாமல் சுற்றும் அதிசயம்!" – போதாதா? நம் பக்கத்துத் திருவிழாக்களில் இதுவரை சுற்றியதெல்லாம் நாலு பெட்டி மரராட்டினம். ஒருவர் கையால் தள்ளுவார். களைத்தால் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிப்பார். யுத்தம் முடிந்து, ரேஷன் மட்டும் முடியாத இந்தக் காலத்தில், புதிதாக எதையாவது பார்க்க மாட்டோமா என்று ஊரே ஏங்கிக் கிடந்தது.

அந்த ஏக்கம் என்ன பாடு படுத்தியது தெரியுமா? உச்சிக்குப் போனால் திருச்சி மலைக்கோட்டை தெரியும் என்றார் செந்துறைக்காரர் ஒருவர். கொள்ளிடத்துத் தண்ணீரே தெரியும் என்றார் இன்னொருவர். நாலு சுற்றுச் சுற்றினால் வாயுத்தொல்லை போய்விடும் என்று என் காதுபடவே ஒரு அம்மாள் சொன்னார். ராட்டினக்காரர்கள் மூங்கிலை இறக்கும் முன்பே சனங்கள் சோற்று மூட்டையோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

முதல் நாள் பெல்ட் அறுந்தது. இரண்டாம் நாள் எஞ்சின் கிளம்பவே இல்லை. மூன்றாம் நாள் எட்டே சுற்று, பிறகு கரும்புகை. ராட்டின மேனேஜர் வெள்ளைக் கால்சட்டையில் கரியோடு வந்து கைகூப்பினார்.

"புது மெஷின் சார். நாலு நாள் ஓடினா தானா பழகிடும்."

யாராவது கோபித்துக்கொண்டார்களா? அதுதான் இல்லை! பெண் பார்க்கப் போன வீட்டில் உப்புமா தீய்ந்துபோனால் இருப்பதுபோல் எல்லோரும் பெருந்தன்மையாக இருந்தார்கள். மறுநாளும் வந்தார்கள். புது அரிசியை ஆறு மாதம் பழகவிட்டுத்தான் உலையில் போடுகிறோம். புது மெஷின் என்றால் மட்டும் அது பழகும் வரை பொறுக்க முடியவில்லை. 'முதல் நாளே ஏறினேன்' என்று சொல்லிக்கொள்ள வேண்டும்... எழுதுகிறவனுக்கு அந்த ஆசை இன்னும் இரண்டு பங்கு.

சனிக்கிழமை எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. எட்டுப் பெட்டியும் நிறைந்து ஆறு சுற்று வந்தது. ஏழாவது சுற்றில் எஞ்சின் இரண்டு தடவை இருமியது. நின்றது.

எஞ்சினை ஓட்டும் மிஸ்திரி ஓடிப்போய்ச் சக்கரத்தின் விளிம்பில் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்துக் கடப்பாரையால் நெம்பிப் பிடித்தார். பிரேக் என்று நோட்டீஸில் போட்டிருந்தது இதைத்தான் போலிருக்கிறது.

மேலே பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். அப்போது உச்சியிலிருந்து ஒரு குரல். பெரம்பலூரில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் என் மனைவியின் குரல்.

"அழக் கூடாது! எல்லாரும் என் கூடச் சொல்லுங்க பாப்போம். ஓர் மூணு மூணு!"

ஒவ்வொரு பெட்டியாக அழுகை அடங்கி வாய்ப்பாடு கிளம்பியது. "ஈர் மூணு ஆறு... மும்மூணு ஒம்பது..." கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. வினையே அங்கேதான்.

"என்ன வேடிக்கை பாக்குறீங்க? கீழ் பெட்டில இருக்குறவங்களை முதல்ல எறக்குங்க! பொம்பளைங்க, புள்ளைங்க முதல்ல!" என்று கத்தினேன்.

நியாயமான பேச்சுதானே? மரராட்டினத்தில் அதுதான் வழக்கம். நின்றதும் கீழே இருப்பவர் இறங்குவார். பத்திரிகையில் எழுதுகிற சார் சொல்கிறாரே என்று நாலு பேர் பாய்ந்தார்கள். அடிப்பெட்டியில் இருந்தவர்களை இறக்கினார்கள். அதற்கு இரு பக்கமும் இருந்த பெட்டிகளுக்குப் பெஞ்சைப் போட்டு இறக்கினார்கள். எங்கிருந்தோ ஏணி வந்தது. இடப்பக்கம் பாதி உயரத்தில் தொங்கிய பெட்டியிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் ஏணிவழியாக இறங்கினார்கள்.

அவர்கள் கால் தரையில் பட்டதும் சக்கரம் அசைந்தது.

ஒரு முழம்தான் இருக்கும், வலப்பக்கமாக. கட்டை கிறீச்சிட்டது. மிஸ்திரியின் கையிலிருந்து கடப்பாரை துள்ளியது. மூன்று பேர் விழுந்தடித்து அதை அமுக்கினார்கள். மேலே பெட்டிகள் முன்னும் பின்னும் ஆடின. வாய்ப்பாடு நின்றுபோயிற்று.

 

"யாரு... யாருய்யா கீழ இருந்தவங்களை எறக்கச் சொன்னது?"

கேட்டவர் விக்கிரமங்கலத்துச் செல்லமுத்து. என் வயதுதான் இருக்கும். நான் எழுதியதை ஊர்க் காப்பிக் கிளப்பில் யாரோ படிக்கக் கேட்டு, பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு ஏழு நாழிகை வழி வண்டிகட்டி வந்தவர். அடிப்பெட்டியிலிருந்து சற்றுமுன் இறங்கியவரும் அவரே.

கூட்டம் என்னைப் பார்த்தது.

அவர் என்னிடம் வந்தார். கோபமில்லாமல் கேட்டார். "சார், கெணத்துல ஏத்தம் எறைக்கிறது பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன்."

"மரத்து மேல ரெண்டு பேரு மெதிச்சு நடப்போம். ஒருத்தன் சொல்லாம குதிச்சுட்டான்னு வைங்க, மரம் தூக்கியடிக்கும். இன்னொருத்தன் கெணத்துலதான். அதனால எறங்குறவன் குரல் குடுத்துட்டுத்தான் எறங்குவான். இங்க கீழ்ப் பாரத்தை எல்லாம் எடுத்துட்டீங்க. பாரம் பூரா மேலயும் வலப்பக்கமும் நிக்குது. கட்டை மட்டும் நழுவிச்சுன்னா இது சும்மா எறங்காது சார். சொழட்டியடிச்சுரும்."

மிஸ்திரியைப் பார்த்தேன். அவர் முகத்தில் வியர்வை ஓடியது. "அவர் சொல்றது சரிதான்" என்றார். பிறகு, "ரொம்ப நேரம் பிடிக்க முடியாதுங்க" என்றார்.

"அப்ப என்ன செய்யறது?"

"எறங்கினவங்க ஏறணும்" என்றார் செல்லமுத்து. "காலியான நாலு பொட்டியும் ரொம்பணும். பாரம் சமமாச்சுன்னா எஞ்சினே வேணாம். கையால அலுங்காம சுத்தி, ஒவ்வொருத்தரா மாத்தி மாத்தி எறக்கிரலாம்."

மூட்டை வைக்கலாமே என்றார் ஒருவர். சந்தை நாள் இல்லை. வெங்காய மூட்டைக்கு எங்கே போவது? கல்லை அள்ளிப் போடலாம் என்றார் இன்னொருவர். பெட்டி ஆடினால் கல் யார் தலையில் விழும்?

இறங்கியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாலடி பின்னால் போனார். "புள்ளகுட்டிக்காரன்ங்க நானு" என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. நான் முதலில் ஏறவே இல்லையே!

செல்லமுத்து தன் பிள்ளைகளை ஒரு அம்மாளிடம் விட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஏணியில் ஏறி, காலியானதிலேயே உயரமான அந்த இடப்பக்கத்துப் பெட்டியில் மெதுவாகக் காலை வைத்தார். கட்டை முனகியது. உட்கார்ந்தார். அங்கிருந்து கேட்டார்:

"சார், உச்சில இருக்குறது நம்ம வீட்டம்மாதானே?"

"ஆமா."

"அப்ப நேர் எதிர்ல, அடிப்பொட்டில நீங்க உக்காருங்க. நீங்க கொஞ்சம் கனமான ஆளு. தாயும் புள்ளையும் சேந்தாத்தான் உங்களுக்குச் சரியா இருக்கும்."

என் கால் நகரவில்லை. உண்மையாகவே நகரவில்லை. மேலே பார்த்தேன். பெட்டியின் விளிம்புக்கு மேலே ஸ்டெல்லாவின் இரண்டு சடைகளும் தெரிந்தன. எப்படி நடந்தேன், எப்படி உட்கார்ந்தேன் – தெரியாது. நான் உட்கார்ந்ததும் கூட்டத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அப்புறம் இன்னும் நாலு பேர். துண்டை உதறிப் போனவரும் திரும்பி வந்து, யாரையும் பார்க்காமல் பக்கத்துப் பெட்டியில் ஏறிக்கொண்டார்.

மிஸ்திரி கடப்பாரையைத் தளர்த்தினார். சக்கரம் அசையாமல் நின்றது. கூட்டம் 'அப்பாடா' என்றது. நான் 'ஆண்டவரே' என்றேன். ஏனென்றால் இனிமேல்தான் நான் மேலே போக வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு பேர் சக்கரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்கள். செல்லமுத்து பெட்டியிலிருந்தபடியே ஏற்றத்தில் கணக்குச் சொல்கிற மாதிரி குரல் கொடுத்தார். "ஓரடி விடு... விடு... நிறுத்து!" வலப்பக்கத்துப் பெட்டி கீழே வந்தது. அதில் இருந்தவர்கள் எழுந்தார்கள். "எறங்காதீங்க! ஆள் ஏறட்டும்!" என்று அதட்டினார். ஒருவர் ஏற, ஒருவர் இறங்க. மறுபடி ஏற, மறுபடி இறங்க. பிறகு அடுத்த பெட்டி.

நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தேன். காற்று மாறியது. சத்தம் எல்லாம் காலுக்குக் கீழே போய்விட்டது. 'நிறுத்து' என்ற குரல் கேட்டதும் கண்ணைத் திறந்தேன். உச்சியில் இருந்தேன். மலைக்கோட்டை தெரிந்ததா என்று கேட்காதீர்கள். நான் நேர்கீழே மட்டும்தான் பார்த்தேன்.

அங்கே ஆரோக்கியத்தின் பெட்டி தரையைத் தொட்டிருந்தது. ஸ்டெல்லாவைத் தூக்கி ஒரு அம்மாளின் கையில் கொடுத்தாள். அவளுக்குப் பதிலாக ஏற இரண்டு பேர் தயாராக நின்றார்கள். இரண்டு பேருமே ஒல்லி. என் மனைவி அவர்களை மேலும் கீழும் பார்த்தாள். வகுப்பில் பேசும் அதே குரலில் சொன்னாள் – எனக்கு அவ்வளவு உயரத்தில் தெளிவாகக் கேட்டது.

"புள்ளைக்குப் பதிலா நீங்க ஒருத்தர் ஏறுங்க, போதும். நான் எறங்கலை. மேல இருக்குறவரு கனம் எனக்குத் தெரியும்."

ஏறினவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மறுபடியும் மேலே கிளம்பினாள். நான் கீழே வர வேண்டும் என்பதற்காக.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உயரத்தால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் தரையில் கால் வைத்து, அவள் தரையில் கால் வைத்து, எதிரெதிர்ப் பெட்டியாக எல்லோரும் இறங்கி முடிக்க விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. செல்லமுத்துதான் கடைசி. "எறங்குறேன்!" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "பரவால்ல சார். நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க" என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது.

மேனேஜர் கைகூப்பியபடி வந்தார். "நாளைக்குச் சரியாயிடும் சார். ஒண்ணும் எழுதிடாதீங்க." எழுதிவிட்டேன். ஆனால் அவரைப் பற்றி எழுத வந்ததில் பாதிக்கு மேல் என்னைப் பற்றியே ஆகிவிட்டது. மெஷின் பழகாமல் வந்தது அவர் குற்றம். பழகாத மெஷினுக்குப் பழைய ராட்டினத்து வழக்கத்தைச் சொன்னது யார் குற்றம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மறுநாள் ராட்டினம் ஓடியதாம். கூட்டம் இரண்டு மடங்காம். 'நேத்து நின்னுச்சே, அந்த உச்சிப் பொட்டில எடம் இருக்கா?' என்று கேட்டு ஏறினார்களாம்!

சனிக்கிழமை இரவே பெரம்பலூர் திரும்ப, பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் கரி பஸ்ஸில் ஏறினோம். ஸ்டெல்லா என் மடியில் தூங்கிவிட்டாள். வெகுநேரம் யோசித்து, மனதைத் திடப்படுத்திக்கொண்டு, மெல்லச் சொன்னேன்.

"ஆரோக்கியம்... கீழ இருந்தவங்களை முதல்ல எறக்கச் சொன்னது நான்தான்."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள். "தெரியுங்க. மேல உங்க குரல் நல்லாக் கேட்டுச்சு."

அதற்குப் பிறகு பஸ் வழியில் இரண்டு இடத்தில் நின்றது. ஒவ்வொரு தடவையும் டிரைவர் இறங்கிக் கரி அடுப்பைக் கிளறினார். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள்... நான் வாயே திறக்கவில்லை.