முப்பத்திரண்டுக்குப் பத்தொன்பது

முப்பத்திரண்டு வயதுக்காரன் ஒருவனைக் கொடுத்துவிட்டுப் பத்தொன்பது வயதுக்காரன் ஒருவனை வாங்க எனக்குப் பன்னிரண்டு நாள் பிடித்தது. இரண்டு பேரும் டென்மார்க்கின் உதைபந்தாட்டக்காரர்கள். சில்க்போர்க்கில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில், எட்டுத் தமிழர்கள் அவர்களுடைய பெயர்களை ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் பங்குபோட்டு வைத்திருப்பது அந்த இருவருக்கும் தெரியாது.

விளையாட்டைத் தொடங்கியவர் கிளாக்கர் அண்ணை. ஊரில் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். பக்கத்துப் பக்கத்து வீடுகள் இரண்டில் எட்டுப் பேர் இருந்தோம். அவர் ஒற்றை றூள் கொப்பியில் கோடு கீறி, டெனிஷ் முதற்பிரிவு அணிகளின் ஆட்டக்காரர்களைச் சீட்டுப்போட்டு ஆளுக்கு ஏழு பேராகப் பிரித்தார். ஞாயிற்றுக்கிழமை நடந்த ஆட்டங்களின் விபரம் திங்கட்கிழமைப் பத்திரிகையில் வரும். நூலகத்துக்குப் போய்ப் பார்ப்போம். நம்முடைய ஆள் விளையாடினால் ஒரு புள்ளி, கோல் அடித்தால் மூன்று, பந்துக்காப்பாளர் ஒரு கோலும் விடாமல் காத்தால் மூன்று. மாதக் கடைசியில் ஆகக் குறைந்த புள்ளி எடுத்தவர் அடுத்த மாதம் முழுவதும் சோற்றுப் பானை கழுவ வேண்டும்.

வருடம் முடிந்தாலும் அணி கலையாது. உனக்கு விழுந்த ஆள் உன்னுடையவன்தான், அவன் விளையாட்டை நிறுத்தும் வரைக்கும், அல்லது வெளிநாட்டுக் கழகம் ஒன்று வாங்கிக்கொண்டு போகும் வரைக்கும், அல்லது நீ இன்னொருவரோடு மாற்றும் வரைக்கும். இன்னொரு விதியும் இருந்தது. யாருடைய குடும்பமாவது வந்து சேர்ந்தால் கொம்யூன், அதாவது நகரசபை, அவருக்குத் தனி வீடு கொடுக்கும். அப்படிப் போகிறவருடைய அணி கொப்பிக்குத் திரும்பிவிடும். எட்டுப் பேரில் ஏழு பேர் அந்த விதிக்காகக் காத்திருந்தோம்.

எங்கள் எல்லோருக்கும் அகதி அந்தஸ்துக் கிடைத்திருந்தது. அந்த ஏழு பேரும் மனைவி பிள்ளைகளை அழைக்க விண்ணப்பமும் போட்டிருந்தோம். முதலில் போட்டவர்களுக்குச் சில மாதங்களிலேயே பதில் வந்தது என்றார்கள். எங்களுடைய முறை வந்தபோது ஒன்றும் வரவில்லை. கேட்டு எழுதினால் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரே வசனம் வரும். மேலிடத்தில் வேண்டுமென்றே கோப்புகளை நிறுத்தி வைத்திருந்தார்கள் என்பது பிற்பாடு வெளியே வந்து பெரிய விவகாரமாகி, அரசாங்கமே விலகும் வரை போனது. அந்த நேரம் எங்களுக்கு அது தெரியாது. ஏதோ ஒரு தாள் குறைகிறது என்றே நினைத்தோம். நான் என் திருமணப் பதிவை மூன்று முறை மொழிபெயர்ப்பித்து அனுப்பினேன்.

நான் ஓரிடத்தில் இருந்த ஆள் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். குவைத்தில் கட்டட வேலை, கிரேக்கக் கப்பலில் ஒரு வருடம், பிறகு கலியாணம், பிறகு கிழக்கு பெர்லின் வழியாக இங்கே. பிடிக்காத இடத்தில் மூன்று மாதத்துக்கு மேல் நின்றதில்லை. இங்கே என்னைக் கட்டிப்போட்டது ஒரு படிவம். கனடாவுக்குப் போனால் விண்ணப்பம் செத்துவிடும். தபால்காரர் பதினொரு மணிக்கு வருவார். அந்த நேரம் வீட்டில் நிற்பதற்காகவே தளபாடத் தொழிற்சாலையில் மாலைத் துப்புரவு வேலையைக் கேட்டு எடுத்தேன். தபால் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஏரியைச் சுற்றி நடப்பேன். ஏரி வட்டமானதில்லை. ஆனாலும் எந்தப் பக்கம் போனாலும் அதே பேருந்துத் தரிப்பில் வந்துதான் நிற்பேன்.

இப்படியான எட்டுப் பேர் ஆட்டக்காரர்களை மாற்றும்போது விலை எப்படி அமையும் என்று நினைத்துப் பாருங்கள். ஒருவருக்கும் இளம் ஆள் வேண்டாம். இன்னும் மூன்று வருடத்தில் நன்றாக வருவான் என்று சொன்னால், மூன்று வருடம் நான் ஏன் இங்கே இந்தப் பானையோடு நிற்கப் போகிறேன் என்பார்கள். அடுத்த வேனிலுக்குள் குடும்பம் வந்துவிடும். ஆகவே இந்த வருடமே கோல் அடிக்கிற கிழட்டுக் காலுக்குத்தான் மதிப்பு. முப்பத்து மூன்று வயது முன்கள ஆட்டக்காரன் ஒருவனுக்காக இரண்டு இளைஞர்களைக் கொடுத்தார் கிளாக்கர் அண்ணை. அவருடைய அணிக்கு நாங்கள் முதியோர் சங்கம் என்று பெயர் வைத்தோம்.

அந்த இளைஞர்களை எல்லாம் சும்மா கிடைக்கிற மாதிரிச் சேர்த்தவன் எங்களில் எட்டாமவனான மட்டக்களப்பான். தச்சு வேலை தெரிந்தவன், தேவாலயத்துக்குப் போகிற வேதக்காரன், கலியாணம் கட்டாதவன். காத்திருக்க யாரும் இல்லாததால் அவனுக்கு அவசரம் இல்லை. அவன் பானை கழுவி நான் பார்த்ததில்லை.

அந்த மாரியில், ஆட்டங்கள் இல்லாத மாதங்களில், அவன் என்னிடம் வந்தான். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

“மச்சான், உன்ர முப்பத்திரண்டைத் தா. என்ர பத்தொன்பதை எடு.”

என்னுடைய முப்பத்திரண்டு போன வருடம் பதினான்கு கோல் அடித்தவன். அவனுடைய பத்தொன்பது இடப்பக்க ஓரத்தில் ஓடுகிறவன். அணியில் ஏழோ எட்டோ ஆட்டம்தான் இறங்கியிருந்தான்.

“நீ ஏன் விக்கிறாய்?” என்றேன். எந்த மாற்றிலும் முதலில் கேட்க வேண்டியது அதுதான் என்று அதற்குள் படித்திருந்தேன்.

“அல்பர்ட்ஸ்லுண்டில அக்காட புருசன் வேலை பாத்து வெச்சிரிக்கார். ஐப்பசியோட போறன். எனக்கு இந்த ஒரு வருசம் போதும்.”

“எனக்கும் ஒரு வருசம் காணும். ஆனியில அவையள் வந்திடுவினம்.”

அவன் ஒரு கிழங்கை எடுத்துத் தோலைப் பார்த்தான். “போன ஆனியிலயும் இதத்தான் சொன்னாய்.”

அடுத்த கிழங்கை உரித்தேன்.

“கோவிக்காத. எனக்கு ஆரும் வரவும் இல்ல, போகவும் இல்ல. அதால கண்ணுக்குத் தெரியுது. இவனுகள் இப்ப விசா தரமாட்டானுகள். நீ கணக்குப் போட்டுப் பாரு. அவசரமில்ல, கிழங்க முதல்ல அவி.”

கணக்குப் போட்டேன். ஆனிக்குள் குடும்பம் வந்தால் கிழவன் லாபம். வராவிட்டால், அடுத்த வருடமும் வராவிட்டால், இளைஞன் லாபம். கணக்கில் ஒரே ஒரு இலக்கம்தான் தெரியாதது. அதைத்தான் என் மனைவியும் ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளும் பிள்ளையும் அப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்தார்கள். விசா வந்தால் உடனே ஏறலாம் என்று நான்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வரச் சொன்னேன். எட்டு மாதமாகிவிட்டது. தெற்கிலும் அந்த நாட்களில் குழப்பம், கடையடைப்பு, சுற்றிவளைப்பு. பிள்ளைக்கு ஐந்து வயது ஆகப் போகிறது, பள்ளிக்கூடம் இல்லை. “நிக்கிறதோ போறதோ எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ” என்று எழுதியிருந்தாள். நான் ஒவ்வொரு முறையும் அடுத்த மாதம் என்று எழுதினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேருந்து பிடித்து வைலேக்குப் போனேன். அங்கே அந்தப் பத்தொன்பதின் அணி ஒரு பயிற்சி ஆட்டம் ஆட வந்திருந்தது. மாரியில் புல்லில் விடமாட்டார்கள். கறுப்புச் சரளை நிலம், ஓரமெல்லாம் வழித்துப் போட்ட பனி. பார்க்க வந்தவர்கள் முப்பது பேர் இருக்கும். பொடியன் மெல்லியவன். மூன்று தரம் விழுத்தினார்கள், முழங்காலில் சரளை ஏறி இரத்தம் வந்தது. எழும்பி அதே ஓரத்தால் மறுபடி ஓடினான். நான்காம் தரம் அவனைப் பிடிக்க முடியவில்லை. இடைவேளையில் ஒரு ஆரஞ்சுத் தோடம்பழத்தை நான்காகப் பிளந்து தின்றான்.

இன்னும் மூன்று வருடத்தில் இவனுக்கு இருபத்திரண்டு ஆகும், அப்போது சரியான ஆளாக இருப்பான் என்று நினைத்தேன். உடனே அடுத்த கணக்கு தன்பாட்டில் வந்தது: அப்போது என் பிள்ளைக்கு எட்டு. அந்த எட்டு வயதுப் பிள்ளையை நினைத்துப் பார்த்தேன், வெள்ளவத்தை அறையில் எழுதப் படிக்கத் தெரியாமல் நிற்பதாக. இதுவரை நான் ஒரு முறையும் அவளை அடுத்த மாதத்துக்கு மேல் வளரவிட்டு நினைத்ததில்லை. திரும்பி வருகிற பேருந்தில் கால் விறைத்துப்போனதைக்கூட வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன்.

அடுத்த நாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கிளாக்கர் அண்ணையிடம் கொப்பியை எடுக்கச் சொன்னேன்.

“பத்தொன்பதை நான் எடுக்கிறன்.”

 கிளாக்கர் அண்ணை கொப்பியைத் திறக்காமல் கேட்டார். “தம்பி, யோசிச்சுத்தான் சொல்லுறீரோ?”

“ஓம் அண்ணை.”

“மூண்டு வருசம் இருக்கிறதெண்டு உம்மட வாயால சொல்லுறீர்.”

“கொப்பியில எழுதச் சொல்லுறன்.”

“உம்மட வாய் எங்களுக்கும் பலிச்சிடப் போகுது” என்றார் ஓரத்தில் இருந்த ஒருவர். சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு மற்ற அறைக்குப் போனார். அவர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

மட்டக்களப்பான் சிரித்தான். “விடுங்க கிளாக்கர் அண்ணே. முதியோர் சங்கத்துக்கு ஆள் குறையுதெண்டு கவலப்படாதீங்க, நான் சேர்ந்திருக்கன்.”

கிளாக்கர் அண்ணை எழுதினார். அழகான கையெழுத்து. நான் அன்றைக்கே மனைவிக்கு எழுதினேன். மூன்று வருடம் ஆகலாம். ஊருக்குப் போ. அம்மாவோடு இரு. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர். அந்தக் கடிதத்தை எழுதியபிறகு பல மாதங்களுக்குப் பின் முதல் தடவையாக, பதினொரு மணிக்கு நான் கடைக்குப் போனேன்.

அந்த மாற்று எங்கள் கொப்பியிலேயே ஆகச் சிறந்தது என்று எல்லோரும் பிறகு ஒப்புக்கொண்டார்கள். முப்பத்திரண்டு வைகாசியில் முழங்கால் முறிந்து படுத்தவன் அதோடு விளையாட்டை விட்டான். பத்தொன்பது அணியில் நிரந்தரமாகிப் பதினொரு கோல் அடித்தான். மட்டக்களப்பான் தன் வாழ்நாளில் முதல் முறையாகப் பானை கழுவினான். ஐப்பசியில் பெட்டியோடு அல்பர்ட்ஸ்லுண்டுக்குப் போகும்போது, “பொடியனக் கவனமாப் பாரு, நான் வளத்த பிள்ள” என்றான். பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள் என்று மனைவி எழுதினாள். தன் பெயரை அவள் எழுதிய ஒரு தாளும் உள்ளே இருந்தது. நான் சரியாகத்தான் கணித்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் ஆனியில் ஊரில் மறுபடி சண்டை தொடங்கியது. யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியே வரும் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. கடிதங்கள் நின்றன.

ஆடியில் அனுமதி வந்தது. ஒரே நாள் தபாலில் இரண்டு கடிதம், ஒன்று கிளாக்கர் அண்ணைக்கு, ஒன்று எனக்கு. மூன்று வருடம் என்று நான் போட்ட இலக்கம் ஒன்றரை வருடத்தில் முடிந்துவிட்டது. கிளாக்கர் அண்ணை தன் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் கொழும்பைவிட்டு அசையவிடவே இல்லை. எல்லா மாதமும் அடுத்த மாதம் என்றே எழுதினார். அவருடைய அணியில் பாதிப் பேர் ஓய்வுபெற்றுவிட்டார்கள், போன பத்து ஆட்ட மாதங்களில் ஆறு மாதம் பானை கழுவியதும் அவர்தான். ஐந்தாம் வாரமே அவருடைய குடும்பம் வந்து இறங்கியது.

வீடு மாறும்போது கொப்பியை என்னிடம் தந்தார். “நீர்தான் நல்லாக் கணக்குப் பாக்கிறனீர்” என்றார். குத்திச் சொல்லவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அனுமதிக்கு ஒரு முடிவு திகதி இருந்தது. அதற்குள் அவர்கள் வர வழியில்லாததால் அதை நீடிக்கக் கேட்டு எழுதினேன். மறுபடியும் மொழிபெயர்ப்பு, மறுபடியும் பரிசீலனை, மறுபடியும் பதினொரு மணி. செஞ்சிலுவைச் சங்கம் வழியாக ஒரு துண்டு கிடைத்தது, உயிரோடு இருக்கிறோம் என்று. மாசியில்தான் அவர்கள் வந்தார்கள். வள்ளத்தில் நீரேரியைக் கடந்து, வவுனியா வரை நடந்தும் உழவு இயந்திரத்திலுமாக வந்து, பிறகு கொழும்பு. பிள்ளை கிட்டத்தட்ட ஏழு வயதாக இருந்தாள். விமான நிலையத்தில் தாயின் பின்னால் நின்று என்னை ‘அவர்’ என்று சொன்னாள்.

வந்து இரண்டு கிழமைக்குப் பிறகு, சமையலறையில் மனைவி கேட்டாள்.

“வரேக்க வெள்ளவத்தையில அந்த அறையைப் போய்ப் பாத்தனான். நாங்கள் விட்டபிறகு ஒருத்தரும் எடுக்கேல்லையாம். பிள்ளையின்ர செருப்புக்கூட அங்கையே கிடந்தது. ஏன் எங்களைத் திரும்பிப் போகச் சொன்னீங்கள்?”

நான் கொப்பியை எடுத்து, கிளாக்கர் அண்ணை எழுதிய அந்த வரியைக் காட்டினேன். விளையாட்டை விளங்கப்படுத்தினேன். அவள் கோபிக்கவில்லை. பொறுமையாகக் கேட்டாள்.

“இந்தப் பொடியன் இப்ப எங்க?”

“போன மாசம் ஜேர்மனிக் கழகம் ஒண்டு வாங்கிப்போட்டுது. அங்க போயிட்டான். இனிக் கணக்கில இல்லை.”

“அவனுக்கு விசா எத்தினை நாளில குடுத்தவங்கள்?”

“அவனுக்கு விசா தேவையில்லை.”

 அவள் தாள்களைப் புரட்டி, பின்பக்கத்தில் பிள்ளைக்கு எழுத இடம் இருக்கிறதா என்று பார்த்தாள். பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தது.