துஜா குச்சியும் மாவுப்பூச்சியும்

எனக்கும் என் தம்பிக்கும் ஒரே வாசல். பாகம் பிரிச்சப்ப வீடு ரெண்டாச்சு, வாசல் ஒண்ணாவே நின்னுடுச்சு. என் ஆடு அவன் வூட்டுக் கீரைப் பாத்தியில வாய் வச்சது. நாலு தடவை. அவன் செவுரு வைக்கறேன்னான்.

செவுரு வந்தா பேச்சு போயிடும். எங்க ஊர்ல ரெண்டு வூட்ல பாத்திருக்கேன். அத அவன்கிட்ட சொல்லல. வேலிச் செடி வைக்கறேன்னு மட்டும் சொன்னேன்.

"தை வரைக்கும் பாக்கறேன் ண்ணா. செடி வரலன்னா கொத்தனாரக் கூட்டியாந்துடுவேன்."

அது ஆடி மாசம். கல்வராயன் மலையில ஒரு பங்களாவுக்குக் கல் தூக்கப் போய்க்கினு இருந்தேன். பங்களாவைச் சுத்தி துஜான்னு ஒரு செடி, வேலியா நின்னுது. எலை விசிறி மாதிரி தட்டை, வருஷம் பூரா பச்சை. தோட்டக்காரர் மலைக்காரர். ஆடு இத மோந்துட்டுப் போயிடும், தின்னாதுன்னார். பக்கக் கிளையை அடிப்பட்டையோட உரிச்சு நாப்பது குச்சி குடுத்தார்.

"மணல்ல சொருகி, கவர் போட்டு மூடி நெழல்ல வை. தண்ணி தெளி."

அவ்வளவுதான் சொன்னார். நானும் மேல கேக்கல.

பால் கவர்ல மணல் நெரப்பி, வாசல் ஓரம் புங்க மரத்தடியில வச்சேன்.

எனக்குத் தெரிஞ்சது மரவள்ளி. அதுல குச்சி நட்டா பதினைஞ்சு நாள்ல வேர் தெரியும். ஒண்ணப் புடுங்கிப் பாத்துட்டுத் திரும்ப சொருகுவோம். ஒண்ணும் ஆகாது. துஜாவையும் அப்படித்தான் பாத்தேன். வேர் இல்ல. அடுத்த வாரம் வேற ஒண்ணு. அதுலயும் இல்ல. ரெண்டு மாசம் போச்சு. மேல பச்சை, கீழ ஒண்ணுமில்ல. செடி ஏமாத்துதுன்னு நெனச்சேன். அப்புறம், செடி எதுக்கு ஏமாத்தப் போவுது, தம்பிதான் ஏதோ பண்றான்னு பட்டுது.

தம்பி காலையில பல் வெளக்கிக்கினு அங்கதான் நிப்பான். கவரையே பாப்பான். அவன் பொண்டாட்டி சட்டி கழுவின தண்ணிய மரத்தடியில ஊத்தும். சுடுதண்ணியான்னு தொட்டுப் பாத்தேன். பச்சைத் தண்ணி. ஒரு நாள் பொழுது சாய, ஆள் வந்தா தடம் விழட்டும்னு கவரைச் சுத்தி சாம்பல் தூவி வச்சேன். காலையில கோழிக் கால் தடம். அவன் வூட்டுக் கோழி.

ஐப்பசியில ஒரு குச்சியப் புடுங்கினா அடியில வெள்ளையா, அரிசி கணக்கா ஒட்டிக்கினு இருந்தது. அந்த வருஷம் அவன் மரவள்ளிக் கொல்லையில மாவுப்பூச்சி. நுனியெல்லாம் வெள்ளை. என் கொல்லையில இல்ல. எனக்கு வேற சாட்சி வேணுமா. நாப்பதையும் புடுங்கினேன். பாதிக்கு மேல வெள்ளை. நகத்தால சுத்தமா சொரண்டி, சோப்புத் தண்ணியில கழுவித் திரும்ப சொருகினேன். அப்புறம் அவனக் கூப்ட்டேன்.

"உன் கொல்லைப் பூச்சிய என் செடிக்கு ஏத்தி வுட்டியா?"

"இன்னா ண்ணா பேசற? செவுரு கட்றவன் கட்டிக்கினு போறான். குச்சியக் கொன்னுட்டுத்தான் கட்டணுமா?"

அன்னையில இருந்து அவன் பேச்ச நிறுத்திட்டான். செவுரு வர்றதுக்கு முன்னயே பேச்சு போயிடுச்சு.

ஒரே ஒரு குச்சியில வெள்ளை கொஞ்சம் மிச்சம் இருந்தது. அத ஈரத்துணியில சுத்தி, கள்ளக்குறிச்சி போய் மலை பஸ் ஏறினேன். பூச்சின்னு தோட்டக்காரர் வாயால ஒரு வார்த்தை வேணும் எனக்கு. அவர் கண்ணுகிட்ட வச்சுப் பாத்தார்.

"இது பூச்சி இல்ல. வேர் வெடிக்கற எடம். இந்தக் கட்டி வந்துதான் வேர் வரும். எத்தினி சொரண்டின?"

"எல்லாத்தையும்."

"நல்ல கைகாரன்யா நீ."

எறங்கி வந்து, அந்தக் குச்சியத் திரும்ப மணல்ல சொருகிட்டு, தம்பி வூட்டு முன்னால நின்னே சொன்னேன். "பூச்சி இல்ல. வேரு. நான்தான் சொரண்டிட்டேன்."

அவன் என்னைப் பாத்தான். அவன் பொண்டாட்டிதான் என் வூட்டுக்காரியக் கூப்ட்டு, "யக்கா, மாமாவுக்கு மொதல்ல நகத்த வெட்டி வுடுங்க"ன்னுது.

தையில எண்ணினா இருபத்தொம்பது காஞ்சிருந்தது. பதினொண்ணு பச்சை. தம்பி கயிறு புடிச்சு வாசல அளந்துக்கினு இருந்தான். செவுரு வச்சுக்கோன்னேன். அவன் நிமிரல.

மறுநாள் பாத்தா பதினொரு கவரும் இல்ல. தூக்கிப் போட்டுட்டான்னு நெனச்சேன். குப்பைக்குழியில தேடினேன். அப்புறம் அவன் வூட்டுப் பின்பக்கம் போனேன். நெழல்ல வரிசையா, புதுக் கவர் போட்டு மூடி இருந்தது. சுத்தி வேலிக்காத்தான் முள்ளு.

"கோழிக்கா முள்ளு?"

"உனக்கு ண்ணா."

கொத்தனார் இன்னும் வரல. ஆட்டக் கட்டித்தான் வச்சிருக்கேன். குச்சி பச்சையாத்தான் இருக்கு, தூரத்துல நின்னு பாக்கறேன். கீழ இன்னா இருக்குன்னு தெரியல. பச்சைய நான் நம்பறதில்ல. ஆனா புடுங்கிப் பாக்கச் சொல்லி அவன்கிட்ட கேக்கல.