சாமியிடம் மட்டும் தமிழ்

சரியாக உலராத கம்பளித் துணியின் வாடை எங்கிருந்து வந்தாலும் எனக்குத் தம்பியின் பள்ளிக் கோட்டுதான் நினைவுக்கு வரும். விடிகாலையிலேயே கழுத்தெல்லாம் கசகசக்கும் கிள்ளானில், ஏழு வயதுப் பையனுக்குக் கரும்பச்சையில் ஒரு கம்பளிக் கோட்டு! அம்மா அதைக் "குளிருச் சட்டை" என்பார். அதை மாட்டிக்கொண்டு, இன்னும் இருட்டு விலகாத நேரத்தில், தூக்கக் கலக்கத்தோடு அப்பாவின் காரில் ஏறிப் பெட்டாலிங் ஜெயாவிலிருந்த தனியார் ஆங்கிலப் பள்ளிக்கு அவன் போவான். அவனைவிட மூன்று வயது மூத்த நான், நீலப் பினாபோர் சீருடை அணிந்துகொண்டு எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னாலிருந்த தமிழ்ப்பள்ளிக்கு நடந்தே போவேன்.

ஒரே வீட்டில் ஏன் இரண்டு பள்ளி என்று அப்பாவிடம் கேட்டேன். "நீ பாதி தூரம் வந்துட்ட. இப்ப மாத்துனா ரெண்டுங்கெட்டானா போயிடுவ" என்றார். கொஞ்சம் கழித்து, "பொம்பளப் புள்ளைக்கு இது போதும் லா" என்றும் சேர்த்துக்கொண்டார். எனக்கு வயிறு எரிந்தது. அந்தக் கோட்டை யாரும் இல்லாத சமயத்தில் எடுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

அப்பாவைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. துறைமுகத்தில் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில் எழுத்தராகச் சேர்ந்து, பிறகு சொந்தமாக லோரி வாங்கி ஓட்டியவர். பெரிய கம்பெனிகளின் கூட்டங்களில் ஆங்கிலம் வராமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவருக்கு ஆறாத புண். "தமிழ்ப்பள்ளி நம்மள தோட்டத்துக் கூலி வேலைய விட்டு வெளிய கொண்டாந்துச்சு, நான் இல்லேங்கல. எம்மவன் அதையும் தாண்டிப் போகட்டும்" என்பார். அதில் நியாயம் இல்லாமலா போயிற்று?

வினை வந்தது பள்ளி நேர்காணலில். யானைப் படத்தைக் காட்டித் தலைமையாசிரியை ஆங்கிலத்தில் கேட்க, தம்பி "ஆன" என்று சொல்லிவிட்டான். அந்த அம்மையார் சிரித்துக்கொண்டே, கொஞ்ச நாளைக்கு வீட்டிலும் ஆங்கிலமே பேசினால் பையனுக்கு நல்லது என்றாராம். அவர் சொன்னது கொஞ்ச நாளைக்கு. அப்பா அதை ஆயுளுக்கும் என்று எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் காலணியைக்கூடக் கழற்றாமல், "இன்னையிலேருந்து தம்பிகிட்ட யாரும் தமிழ்ல பேசக்கூடாது. அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா?" என்று சட்டம் போட்டார். அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து, "சாமிகிட்ட வேணும்னா தமிழ்ல பேசிக்க" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அம்மா ஜெஞ்சாரோம் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். பாசார் சந்தையில் மீன்காரரிடம் மலாயில் மல்லுக்கட்டி விலையைக் குறைத்துவிடுவார். சீனக் காய்கறிக்கார ஆன்டியிடம் ஹொக்கியனில் கேலியும் பேசுவார். ஆங்கிலம் மட்டும் வராது. ஆனால் தமிழில், அடேயப்பா, அந்த வாய்! "எந்திரிங்க தொரைங்களா, சூரியனே வேலைக்குப் போயிடுச்சு" என்று காலையில் தொடங்கினால் நாங்கள் தூங்குகிற வரைக்கும் ஓயாது. திட்டுவதும் கொஞ்சுவதும் அவருக்கு ஒரே மூச்சில் வரும். அப்படிப்பட்டவர் மகனிடம் "கம்", "ஈட்", "பாத்", "ஸ்லீப்" என்று நாலைந்து சொல்லோடு நின்றுபோனார். என்னிடம் தமிழில் பேசிக்கொண்டே இருப்பார், தம்பி உள்ளே வந்தால் பாதியில் நிறுத்திவிடுவார். ஒருமுறை அவனுக்குக் கடும் காய்ச்சல். நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே அம்மா தன்னை மறந்து, "எஞ்சாமி, எந்தங்கம், ஒனக்கு வந்தது எனக்கு வரக்கூடாதா" என்று முனகினார். வாசற்படியில் நின்ற அப்பா தொண்டையைக் கனைத்தார். அம்மா வாயை மூடிக்கொண்டார். அந்தக் கனைப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

ஆனால் அம்மா லேசுப்பட்டவரா? அப்பா விளையாட்டாகச் சொன்னதையே பிடித்துக்கொண்டார். சாயங்காலம் கூடத்துச் சாமிப்படத்தட்டில் விளக்கேற்றிவிட்டு, மகனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் முருகனிடம் உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். "முருகா, நகமே வெட்டாத ஒரு கொரங்கு இந்த வீட்டுல சுத்துது, நீ பாத்தியா இல்லியா?" முதல் வருடம் தம்பி விழுந்து விழுந்து சிரிப்பான். "முருகன் சொல்லுது, நாளைக்கு வெட்டுறேன்னு" என்று பதிலும் சொல்லுவான். அப்பா கேட்டும் கேட்காததுபோல் நாளிதழைப் புரட்டுவார். சாமியிடம் பேசுகிறவளை அவர் எப்படித் தடுப்பது?

அந்த விளையாட்டு நீடிக்கவில்லை. பிள்ளை வளர வளர அவன் காதிலிருந்து தமிழ் கழன்றுகொண்டே போனது. பத்து வயதில், அம்மா அரும்பாடுபட்டுச் சொன்ன ஆங்கில வாக்கியத்தை, "நாட் லைக் தட், மா" என்று ஆங்கிலத்திலேயே திருத்தினான். திமிரில் இல்லை, பாசத்தில்தான். அம்மா தலையாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு வாக்கியமாக எதையும் அவர் அவனிடம் சொல்லிப் பார்க்கவே இல்லை. பக்கத்து வீட்டு ஆன்டி, "ஊமை கண்ட கனா மாதிரி ஆயிடுச்சு ஒங்கம்மா பொழப்பு" என்று என்னிடம் சொன்னது அப்போதுதான்.

பதின்மூன்று வயதில் தம்பி ஆளே மாறிப்போனான். வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொள்வான். கொடுத்தனுப்பிய சாப்பாடு அப்படியே திரும்பி வரும். வகுப்பில் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்து, யாரும் பக்கத்தில் உட்கார விடாமல் அவனைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்பது பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது. "புள்ள மொகம் செத்துப் போச்சுடி" என்று அம்மா என்னிடம் புலம்பினார். கதவுக்கு வெளியே நின்று, "வை சேட், தம்பி?" என்று கேட்டார். "நத்திங், மா." அவ்வளவுதான். சின்னக் குழந்தையாக இருந்தால் தூக்கி மடியில் போட்டுக்கொள்ளலாம். மீசை அரும்பும் பிள்ளையிடம் பேச்சை விட்டால் ஒரு தாய்க்கு வேறு என்ன இருக்கிறது?

அன்று சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு அம்மா முருகனிடம் பேசினார். தம்பி கூடத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தான். "முருகா, எம்புள்ள மனசுல என்னமோ கெடக்கு. யாராச்சும் அடிச்சாங்களா, வைதாங்களா, எதுவா இருந்தாலும் எங்கிட்ட வந்து கொட்டச் சொல்லு. அந்தப் பள்ளிக்கூடம் வேணாம்னா ஒரு வார்த்த சொல்லட்டும், அவங்கப்பாகிட்ட நான் மல்லுக்கு நிக்கிறேன். தனியா கெடந்து சாவாதடா அய்யா." தம்பி எழுந்தான். தொலைக்காட்சியை அணைத்தான். அம்மாவின் பின்னால் வந்து நின்று, கண்ணை மூடி, கைகூப்பிக் கும்பிட்டான். அம்மா சாமி கும்பிடுகிறார் என்று நினைத்துவிட்டான் பாவி. விபூதியைப் பூசிக்கொண்டு திரும்ப அறைக்குள் போய்விட்டான். பதிலுக்குக் காத்திருந்த அம்மா அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் ஓடிப்போய் அவனிடம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். கேட்டுக்கொண்டான். கண் கலங்கியது. "டெல் ஹர் ஐ எம் ஓகே" என்றான். அம்மா மடியில் கொட்ட வேண்டியதை அக்காவிடம் எப்படிக் கொட்டுவான்? அதன் பிறகு இருவருக்கும் நடுவில் நான்தான் தூது. விஷயம் போய்ச் சேரும், ஈரம் சேராது. பள்ளியிலிருந்து அழைப்பு வந்து எல்லாம் தெரிந்தபோது அப்பா, "எந்தப் பள்ளியிலதான் இல்ல? தாங்கிக்கட்டும்" என்றார். தம்பியும் தாங்கிக்கொண்டான்.

இப்போது அவன் ஆஸ்திரேலியாவில் பொறியாளர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முகம் காட்டி அழைக்கிறான். "யூ ஈட்?" என்கிறார் அம்மா. "யெஸ், மா. யூ?" "ஈட்." பிறகு போன் என் கைக்கு வந்துவிடும். "அவன் நல்லாத்தானே இருக்கான்? யாராச்சும் ஒரு கொற சொல்லுங்க பாப்போம்" என்கிறார் அப்பா. சொல்ல முடியாது, உண்மையிலேயே நன்றாக இருக்கிறான். போனது அம்மாவின் வாய்தான். அந்த வசவு, அந்தக் கேலி, ஒரே மூச்சில் திட்டும் கொஞ்சலும், எதுவும் இப்போது இல்லை. என்னிடம்கூட அளந்துதான் பேசுகிறார். விளக்கேற்றிவிட்டு உதட்டை அசைக்காமல் நிற்கிறார்.

மிச்சம் இருப்பதெல்லாம் என் மகளிடம்தான். நானும் கணவரும் வேலைக்குப் போய்விட, பாலர் பள்ளி விட்டதும் அவள் பாட்டியிடம்தான் இருப்பாள். நான் உள்ளே நுழைந்தால் நின்றுவிடும் அந்தப் பேச்சு, வாசலில் செருப்பைக் கழற்றும்போது கொஞ்சம் காதில் விழும்.

அடுத்த ஆண்டு அவளுக்கு ஏழு வயது. தமிழ்ப்பள்ளிதான் என்று நான் நாலு பேரிடம் அடித்துப் பேசியவள். ஆனால் அலுவலகக் கூட்டங்களில் சொல்ல வந்ததை ஆங்கிலத்தில் சொல்லத் தடுமாறி விழுங்கியபோதெல்லாம் அப்பாவை எனக்குப் புரிந்து தொலைத்தது. கணவரும் விடவில்லை. ஒரு தனியார் பள்ளியில் இடமும் கிடைத்துவிட்டது.

போன வாரம் அம்மாவிடம் சொன்னேன். மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. "நல்ல பள்ளிக்கூடமா?" என்று கேட்டார். நல்ல பள்ளிதான் என்றேன். பின்னி முடித்து ரிப்பன் கட்டி, பேத்தியை வெளியே விளையாட அனுப்பினார். அவள் காதில் விழாத தூரத்துக்குப் போகும்வரை காத்திருந்தார். கோபமோ குத்தலோ எதுவும் இல்லாமல், விவரம் கேட்டு வைத்துக்கொள்கிறவர்போல் மெதுவாகக் கேட்டார்:

"அப்ப, இவகிட்ட நான் பேசலாமா, கூடாதாடி?"