மூக்கண்ணன் போட்ட கையெழுத்து

இருபத்திரண்டு வருடங்களில் 2,117 கார்கள். பெட்ரோலில் ஓடிக்கொண்டிருந்த அத்தனையையும் காஸுக்கு மாற்றியவர் ஒரே ஆள். வயது ஐம்பத்தாறு. முழங்கால் இரண்டும் போய்விட்டன. காருக்கு அடியில் நுழைய அரை நிமிடம் ஆகும், வெளியே வர இரண்டு நிமிடம். ஒர்க்‌ஷாப்பில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூக்கண்ணன்தான்.

அந்தப் பட்டம் வேலையில் கிடைத்தது. ஒரு காரைக் காஸுக்கு மாற்ற ஒன்றரை நாள் பிடிக்கும். ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்தில் உருண்டையான டேங்க் உட்காரும். அங்கிருந்து ஒரு செம்புக் குழாய் காரின் அடிவயிற்றோடு என்ஜின் வரை போகும். பின் பம்பருக்குப் பக்கத்தில் காஸ் பிடிக்கும் வாய். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவி, குமிழி கிளம்புகிறதா என்று பார்ப்பார்கள். மற்ற இடங்களில் அதோடு சரி. இங்கே இன்னொன்று உண்டு. முதல் தடவை காஸ் பிடித்துக்கொண்டு வண்டி திரும்பி வந்ததும் மூக்கண்ணன் டிக்கியைத் திறப்பார், தலையை உள்ளே விடுவார், கண்ணை மூடி ஒரு மூச்சு இழுப்பார். "சுத்தம்" என்பார். அதற்குப் பிறகுதான் கசிவு இல்லை என்ற சர்ட்டிபிகேட்டில் கையெழுத்து. காஸில் அழுகிய வாடையைக் கலப்பதே ஆளை உஷார்ப்படுத்தத்தான். அந்த வாடை அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. பக்கத்து ஷெட்டில் கசிந்ததை இங்கிருந்தே சொன்னார் என்று ஒரு கதை உண்டு. பாதிதான் உண்மை என்று அவரே சொல்வார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுக்கை. காய்ச்சல் கிளம்பும்போது மூக்கின் வேலையையும் கையோடு கொண்டுபோய்விட்டது.

கண்டுபிடித்தது மனைவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்க, பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகிப்போனது. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் தடதடவென்று இறங்கி வந்தாள்.

"ஏங்க, மாடி வரைக்கும் நாறுது. பக்கத்துலயே உக்காந்துட்டு என்ன பண்றீங்க?"

"பேப்பர் படிக்கிறேன்."

"அந்தப் பேப்பரே பத்திக்கிட்டாலும் படிச்சு முடிச்சுட்டுத்தான் எந்திரிப்பீங்க போல."

அவர் அப்போதுதான் நிமிர்ந்து கருகிய பாத்திரத்தைப் பார்த்தார். அவளுக்கு என்னவோ உறைத்தது. சோப்புக் கட்டியை மூக்கருகே நீட்டினாள். பிறகு மண்ணெண்ணெய் நனைத்த துணி. பிறகு தலைவலித் தைலம். தைலம் மட்டும் காந்தியது, மணக்கவில்லை. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

"ஒர்க்‌ஷாப்ல சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"சொன்னா? நுரையைத் தடவ ஆயிரம் பேர் இருக்கான். மூக்கு இல்லாத மூக்கண்ணன் அவங்களுக்கு எதுக்கு?"

சொல்லவில்லை. அதற்குப் பதில் ஒவ்வொரு இணைப்புக்கும் மூன்று தடவை நுரை தடவினார். மூன்று தடவை என்றால் மூன்று தடவை காருக்கு அடியில் போய் வரவேண்டும். வீட்டுக்கு வந்து காலை நீட்டினால் மடக்க முடியாது. சாப்பாடு வாய்க்குள் போவதும் தெரியவில்லை, இறங்குவதும் தெரியவில்லை. இதையெல்லாம்விட அவரை அதிகம் களைப்பாக்கியது அந்த டிக்கி. தலையை விட்டு, கண்ணை மூடி, ஒன்றும் தெரியாமல் "சுத்தம்" என்று சொல்லிவிட்டு நிமிர்வதற்குள் ஒரு நாள் வேலை செய்த அசதி வந்துவிடும்.

இதில் ஒரு தவறு ஒளிந்திருந்தது. காஸ் பிடிக்கும் வாயிலிருந்து டேங்குக்கு வரும் குழாயின் இணைப்பு பம்பருக்குப் பின்னால் இருக்கிறது. பம்பரைக் கழற்றாமல் அங்கே பிரஷ் எட்டாது. வருடக்கணக்காக அந்த ஒரு இடத்தை அவர் மூக்கிடம் விட்டு வைத்திருந்தார். மூக்கு போன பிறகு மற்ற எல்லாவற்றையும் மூன்று தடவை பார்த்தவருக்கு, அந்த இணைப்பை இப்போது யாருமே பார்ப்பதில்லை என்பது தோன்றவே இல்லை.

ஒரு வியாழக்கிழமை மதியம் டிரைவிங் ஸ்கூல் டீச்சர் வந்து நின்றாள். செவ்வாய்க்கிழமைதான் அவள் காரைக் காஸுக்கு மாற்றி அனுப்பியிருந்தார்கள்.

"அண்ணே, வண்டிக்குள்ள என்னமோ அழுகுது."

"ஸ்டூடண்ட் யாராச்சும் டிபன் பாக்ஸை மறந்துட்டுப் போயிருப்பாங்க டீச்சர்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். சீட்டுக்கு அடியில தேடினேன், ஒத்தைச் செருப்புதான் கெடச்சுது. காஸ் பிடிச்ச உடனே வருது, அப்புறம் கொறையுது. இப்பவும் பிடிச்சுட்டு நேரா வரேன், பாருங்க. கிளட்சைப் பாத்தாலே மயங்கி விழற ஆளுங்கண்ணே, இந்த நாத்தத்துல எப்படி ஓட்டுவாங்க?"

அவர் டிக்கியைத் திறந்தார். தலையை விட்டார். கண்ணை மூடி மூச்சு இழுத்தார்.

"சுத்தம்."

நிமிர்ந்து திரும்பிப் பார்த்தார். டீச்சர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். நாலு அடி தள்ளி, அலுவலகத்தில் போன் எடுக்கும் பெண்ணும் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, வெளையாடாதீங்க" என்றாள் டீச்சர்.

கண்ணாடி அறையிலிருந்து முதலாளியம்மா ஓடி வந்தார். "யாரும் ஸ்டார்ட் பண்ணாதீங்க! கையாலயே வெளிய தள்ளுங்க!" எல்லோரும் தள்ளினார்கள். அவரும் தள்ளினார். வாடை அடங்கிய பிறகு பம்பரை அவரே கழற்றி நுரையை ஊற்றினார். திராட்சைக் கொத்து மாதிரி குமிழிகள் கிளம்பின. நட்டு அரைச் சுற்று தளர்ந்திருந்தது. ஸ்பேனரை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார், குமிழி நின்றுவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

கண்ணாடி அறையில் முதலாளியம்மா நாற்காலியைக் காட்டினார். "சளியாண்ணே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். பழைய மரியாதையோடு திங்கட்கிழமை திரும்ப வந்துவிடலாம். வெளியே டீச்சர் அடுத்த வகுப்புக்காரியிடம் போனில் நேரம் மாற்றிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால், திறந்திருந்த கதவு வழியே ஒரு சின்னப் பெண்ணின் பயந்த குரல் கேட்டது.

"இல்லீங்க மேடம். எட்டு மாசமா எனக்கு வாசனை தெரியல."

முதலாளியம்மா பேனாவை மூடி வைத்தார். "எட்டு மாசமா டிக்கிக்குள்ள தலைய விட்டு என்னதான் பண்ணிட்டு இருந்தீங்க?"

"மூச்சு விட்டுட்டு இருந்தேன்."

"எனக்குச் சிரிப்பு வரல."

"எனக்கும்தான் மேடம்."

"கையெழுத்து இனிமே உங்களுது இல்ல. நான் போடறேன்."

"சரிங்க."

"வீட்டுக்குப் போங்கன்னுதான் சொல்லணும். ஆனா எந்த வண்டியில அந்த நட்டு எங்க இருக்குன்னு உங்களை விட்டா யாருக்குத் தெரியும்?" சர்ட்டிபிகேட் கட்டை அவர் பக்கம் தள்ளினார். "காய்ச்சலுக்கு அப்புறம் போட்டதெல்லாம் எடுங்க. நீங்களே கூப்பிடுங்க. காரணத்தையும் நீங்களே சொல்லுங்க."

அறுபத்து மூன்று வந்தது. சாயங்காலம் வரை கூப்பிட்டார். சிலர் கத்தினார்கள். ஒருவர் மட்டும் குழம்பினார்: "என் வண்டி நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுதுங்க. டிக்கில வாடை வருதான்னு பாருங்க. வந்தா ஸ்டார்ட் பண்ணாதீங்க, நாங்களே வரோம். வரலேன்னாலும் டேங்க் வால்வை மூடிட்டு பெட்ரோல்லயே ஓட்டிட்டு வாங்க."

"நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"நான்தான். எனக்கு மூக்கு போயிடுச்சு. சொல்லாம போட்டுட்டேன்."

அறுபத்து மூன்று தடவை சொன்னதில் தொண்டை கட்டிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மனைவி முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"சொல்லிட்டீங்களா?"

"ஊருக்கே சொல்லிட்டேன்" என்று சொல்லி அப்படியே சாய்ந்தார். வெளிச்சம் இருக்கும்போதே தூங்கிப்போனார்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு முதல் மூன்று கார்கள் வருகின்றன. பம்பரை அவர் கழற்றுவார். டிக்கிக்குள் தலையை விடப்போவது போன் எடுக்கும் பெண்.