நான் தேய்த்து அழித்த நீலம்

அந்த நீலத்தைப் பார்த்ததும் என் கை ஏன் உப்புத்தாளைத் தேடிப் போனது?

பட்டர்வொர்த் பக்கம் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். நியோபியம் என்ற உலோகத்தோடு வேறு சிலவற்றைக் கலந்து, ஆயிரம் டிகிரியைத் தாண்டியும் வலு குறையாத தகடு செய்யப் பார்க்கிறோம். வலு மட்டும் போதாது. உடையாமல் வளையவும் வேண்டும். உருளை இயந்திரத்தில் கொடுத்து மெலிதாக்குவோம். இறுகிப்போனதும் காற்றில்லாத உலையில் சுட்டு இளக்குவோம். உலை நன்றாக ஆறும்முன் காற்றை உள்ளே விடக்கூடாது. சூடான நியோபியம் அதை உறிஞ்சிக்கொண்டு பிஸ்கட் மாதிரி ஆகிவிடும். புதிதாகச் சேருபவர்களுக்கு இதைச் சொல்வதே நான்தான்.

அன்று மாலை, மகளுக்குக் காய்ச்சல் என்று குழந்தைகள் காப்பகத்திலிருந்து அழைத்தார்கள். பாலத்தைத் தாண்டி ஜார்ஜ்டவுன் போகவேண்டும். உலையை அப்படியே விட்டுப் போயிருந்தால் தானாக ஆறியிருக்கும். ஆனால் காலையில் உருளை இயந்திரத்தை ஓட்ட வரும் மூத்த ஊழியரிடம், நான் அண்ணன் என்று கூப்பிடுபவரிடம், தகடு மேசையில் இருக்கும் என்று சொல்லியிருந்தேன். சொன்னதைச் செய்யாமல் கிளம்ப எனக்கு வராது. இன்னும் ஐந்நூறு டிகிரி இருக்கும்போதே காற்றை விடும் வால்வைத் திறந்தேன். இடுக்கியால் எடுத்தபோது தகடு முழுக்க நீலம், காற்று பட்டதன் அடையாளம். ஆறவைத்து உப்புத்தாளால் தேய்த்தேன். பளிச்சென்று ஆனது. மேசையில் வைத்துவிட்டு ஓடினேன்.

மறுநாள் மூன்றாவது முறை உருளைக்குள் போனபோது தகடு ஓரத்திலிருந்து கிழிந்தது.

"என்னண்ணே, அப்பளமா பொரிக்கிறீங்க?" என்றான் பக்கத்து இயந்திரத்துக்காரன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அண்ணன் அளவுக்கு மீறி அழுத்தம் கொடுத்துவிட்டார் என்று முடிவுசெய்த மேலாளர், அவரைக் கிடங்குக்கு மாற்றினார். இரண்டு நாள் கழித்து அங்கே போனேன்.

"எப்பவும் குடுக்கிற மாதிரிதான் குடுத்தேன், தங்கச்சி. கை தெரியாமப் போச்சு போல லா," என்று விரல்களைப் பார்த்துக்கொண்டார். "பாப்பாவுக்குக் காய்ச்சல் எறங்கிருச்சா?"

"எறங்கிருச்சுண்ணே." என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

"சொன்னா உன் வேலை போயிரும்," என்கிறார் கணவர். "இருக்கட்டும் லா, அவருக்குக் கிடங்குல சம்பளம் குறையலையே." உண்மைதான், குறையவில்லை. ஆனால் அண்ணன் இப்போது தன் கையையே நம்பவில்லை. அதைச் செய்தவள் நான். கிழிந்த துண்டு என் அலமாரியில் இருக்கிறது. சோதித்தால் உள்ளே போன ஆக்சிஜன் தெரிந்துவிடும்.

வரும் திங்கட்கிழமை உருளைக்கு வேறொருவரை நிரந்தரமாகப் போடுகிறார்கள். அதற்குள் சொல்லிவிட வேண்டும். முதலில் யாரிடம்? மேலாளரிடம் போனால், அண்ணன் அதை இன்னொருவர் வாயால் கேட்பார். அண்ணனிடம் போனால், "பிள்ளக்காரி, விடு லா" என்று தடுப்பார். நானும் அதைச் சாக்காக வைத்து நின்றுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இப்படி ஓர் இடத்தில் நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், யாரிடம் முதலில் போனீர்கள், என்ன வார்த்தையில் தொடங்கினீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.