ரிப்பன் வெட்டிய குற்றத்துக்கு என் விளக்கம்

சென்ற திங்கட்கிழமை எனக்கு ஒரு கடிதம் வந்தது. பதிவுத் தபாலில். அனுப்பியவர் நான் வாரத்தில் நான்கு நாள் பார்க்கிற மனிதர் — எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலைக் குழுவின் தலைவர். கையிலேயே கொடுத்திருக்கலாம். ஆனால் கையெழுத்துப் போட்டு வாங்கினால்தானே குற்றவாளிக்குக் குற்றம் உறைக்கும்?

விஷயம் ஒரே வரி. 'பிரதம அதிதியின் வருகைக்கு முன்னர், குழுவின் அனுமதியின்றி ரிப்பனை வெட்டியமைக்கு ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்கவும்.'

வெட்டினேன். மறுக்கவில்லை. பேப்பர் கட்டிங் வெட்டுகிற கத்தரிக்கோலால்தான் வெட்டினேன். ஏன் வெட்டினேன் என்பதை உங்களிடமே சொல்லிவிடுகிறேன். நியாயமா இல்லையா என்று நீங்களே பாருங்கள்.

நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் அங்கே மேல் டிவிஷனில் ஒரு லயம் எரிந்தது. கரண்ட் கோளாறு. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் வரிசையாகப் பன்னிரண்டு வீடு... பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு, எதுவும் மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சனங்கள் ஒவ்வொரு அலுவலகப் படியாக ஏறி, தாங்கள் பிறந்ததை நிரூபிக்கப் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தவள்.

அப்போதுதான் வாசிகசாலையில் ஒரு முடிவெடுத்தோம். தோட்டத்தில் உள்ள எல்லாக் குடும்பங்களின் பத்திரங்களையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் வைப்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் சனம் பத்திரங்களை ஷொப்பிங் பேக்கில் சுற்றிக்கொண்டு வரும். நாங்கள் ஸ்கேன் செய்வோம். பெயர் போட்டுச் சேமிக்க நேரமில்லை. மெஷின் கொடுத்த இலக்கத்தோடு அப்படியே விட்டோம். அது எங்கள் பிழை. என் பிழையும்தான்.

போன வருடம் கீழ் லயமும் எரிந்தது. அதில் பூமாரியின் வீடும் போனது. கொழுந்து எடுக்கிறவள், என் வகுப்பில் படிக்கிற கௌசல்யாவின் தாய். அன்றிலிருந்து கௌசல்யாவின் பிறப்புச் சான்றிதழ் இந்த உலகத்தில் அவர்கள் கைக்கு எட்டுகிற ஒரே இடத்தில்தான் இருந்தது. எங்கள் வாசிகசாலையின் பழைய கம்ப்யூட்டரில்.

அது போதாது என்று தலைவருக்கும் தெரியும். வெளிநாட்டில் இருக்கிற ஒரு நல்ல மனிதருக்கு எழுதி, பேக்கப் பெட்டி ஒன்றை வரவழைத்தது அவர்தான். அந்தப் பெருமையை நான் பறிக்க மாட்டேன். கறுப்பு நிறம், ஒரு இறாத்தல் பாண் ரொட்டி அளவு. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். வயரை ரவுட்டரில் மாட்டிவிட்டால் கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் தன் இரண்டு டிஸ்க்கிலும் எழுதி வைத்துக்கொள்ளும். ஒன்று பழுதானாலும் மற்றது இருக்கும்.

இதைப் பூமாரியிடம் சொன்னபோது அவளுக்கு அரை நிமிடத்தில் விளங்கியது. "அதாவது நம்ம வீட்டுல ஒண்ணு, அண்ணன் வீட்டுல ஒண்ணு. அப்படித்தானே டீச்சர்?"

குழுவுக்கு விளங்கவில்லை. குழுவுக்கு அது திறந்து வைக்கப்பட வேண்டிய ஒரு பொருள்.

பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, சிவப்பு ரிப்பன் கட்டி, கண்ணாடி அலுமாரியில் கேடயங்களுக்கு நடுவில் வைத்துப் பூட்டினார்கள். பிரதம அதிதி வந்து வெட்டுவார் என்றார்கள். முதல் திகதியில் அவருக்கு வேறு கூட்டம். அடுத்த திகதியில் மழை, பாதையில் மண் சரிவு. ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கும் மேல், போயிற்று. தீக்குப் பயந்து வாங்கிய பெட்டி, ரிப்பனோடு சும்மா உட்கார்ந்திருந்தது. நான் இரண்டு கூட்டத்தில் கேட்டேன். "திறப்பு விழாவுக்கு முந்தி பாவிச்சா அது எப்படி டீச்சர் திறப்பு விழா?" என்று திருப்பிக் கேட்டார் தலைவர்.

ஒருவழியாக ஒரு சனிக்கிழமை முடிவானது. அதற்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, மலையிலிருந்து நேரே பூமாரி வந்தாள். இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கைக்கூடக் கழற்றவில்லை.

"அரைப் பேரு போட்டு அரைநாள் சம்பளந்தான் தந்தாலும் பரவாயில்லன்னு எறங்கி வந்துட்டேன் டீச்சர். கௌசல்யாவுக்கு ஐடென்டி காடு எடுக்கணும். சோதனை வருதுல்ல. ஒப்பிசில பதிவு நம்பரும் தேதியும் கேக்குறாங்க. நம்பர் இருந்தா ஒரே நாளாம். இல்லாட்டி பொஸ்தகத்துல தேடணும், ரெண்டு மூணு மாசம் ஆகுமாம். பிரின்சிபல் செவ்வாக்கிழமை அப்ளிகேஷன் போம் அனுப்புறாரு."

கம்ப்யூட்டரைப் போட்டேன். டக்... டக்... டக் என்று ஒரு சத்தம். ஒரு பக்கம் திறக்க ஐந்து நிமிடம். அடுத்தது திறக்கவே இல்லை.

அட்டனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற தர்ஷினிக்கு போன் எடுத்தேன். பெட்டியைப் பொருத்த எப்படியும் மறுநாள் வர இருந்தவள், கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு பஸ் ஏறி வந்தாள். காதை வைத்துக் கேட்டாள்.

"டிஸ்க் போகப் போகுது டீச்சர். இன்னைக்கே கொப்பி எடுத்தாத்தான் உண்டு. என் லேப்டொப்ல இடமில்ல. பென் டிரைவ் ஏதும் இருக்கா?"

இருந்தது. கல்யாணக் கார்ட் அச்சடிக்க என்று குழு உறுப்பினர் ஒருவர் எடுத்துப் போய்த் தொலைத்துவிட்டார். இப்போது இருந்தது அந்தப் பெட்டி மட்டும்தான், அலுமாரிக்குள், பொட்டும் ரிப்பனுமாக.

தலைவருக்கு போன் எடுத்தேன். நிலைமையைச் சொன்னேன்.

"அஞ்சு கெழம பொறுத்தீங்க, ஒருநாள் பொறுக்க ஏலாதா டீச்சர்? நாளைக்கு ஐயா வந்துருவாரு. தொட்டுறாதீங்க."

தொட்டேன். அலுமாரிச் சாவி மேசை லாச்சியில் இருந்தது, கத்தரிக்கோலும் அதே லாச்சியில் இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் ரிப்பனை நாலாகவே வெட்டியிருப்பேன். ஒரு வெட்டோடு நிறுத்தினேன்.

சிக்னல் கிடைப்பது ஜன்னலோரத்தில் மட்டும் என்பதால் ரவுட்டர் அங்கேதான் இருக்கும். வயர் கட்டை, எட்டாது. அதனால் கெரம் போர்டை ஜன்னலுக்கு இழுத்து, அதன் மேல் பெட்டியை வைத்தோம். தர்ஷினி தன் லேப்டொப்பில் பெட்டியின் விலாசத்தை அடித்தாள். பாஸ்வேர்ட் வைத்தாள். கடைசியில் ஒரு பக்கம் வந்தது. முழுக்கச் சிவப்பு எழுத்து.

"என்னா டீச்சர் எழுதியிருக்கு?" என்றாள் பூமாரி.

"டிஸ்க்ல உள்ளதெல்லாம் அழிஞ்சிரும், சம்மதமான்னு கேக்குது."

பூமாரி தர்ஷினியின் கையை எட்டிப் பிடித்துவிட்டாள்.

"பயப்படாதீங்க அக்கா" என்றாள் தர்ஷினி. "இது புது டிஸ்க். உள்ள ஒண்ணுமே இல்ல. அதனால இப்ப சரின்னு சொல்லலாம். நம்ம சாமானை வச்சதுக்கப்புறம் இதே பக்கம் வந்தா, செத்தாலும் சரின்னு சொல்லக்கூடாது."

கொப்பி ஆகத் தொடங்கியது. அதை ஓடவிட்டு, வாசிகசாலையைப் பூட்டிச் சாவியை நானே கொண்டுபோனேன். தர்ஷினி என் வீட்டில் தங்கினாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கடைசிப் பக்கமும் ஏறியது. ஒன்பதரைக்குக் கம்ப்யூட்டர் திரை நீலமாகி நின்றது. பிறகு எழும்பவே இல்லை. ஒருநாள் பொறுக்க ஏலாதா என்றாரே... பொறுத்திருந்தால் ஒரு பக்கமும் மிஞ்சியிருக்காது.

சரி, இனி இலக்கங்களுக்குள் கௌசல்யாவைத் தேட வேண்டியதுதான் என்று உட்கார்ந்தபோது தலைவர் வந்தார். வெட்டிய ரிப்பனைப் பார்த்தார். முகம் கறுத்தது. ஆனால் அவரிடம் மாற்று யோசனை இருந்தது.

"பரவாயில்ல. மறுபடி மொதல்லேருந்து தொடங்குங்க. ஐயா கையால அந்தச் சிவப்புப் பக்கத்துப் பட்டனை அமுக்கட்டும்."

"அமுக்கினா எல்லாம் அழிஞ்சிரும் சேர். கம்ப்யூட்டரும் போச்சு. இப்ப இது மட்டுந்தான் இருக்கு" என்றாள் தர்ஷினி.

"சும்மா பயமுறுத்தாதீங்க பிள்ள. புது மெஷின், அவ்வளவு லேசுல அழிஞ்சிருமா?"

அதன் பிறகு தப்பு மேளச் சத்தம் கேட்டது. வாகனம் வந்துவிட்டது. பொன்னாடை, மாலை, வரவேற்புரை. எனக்கு நாற்காலி போடுகிற வேலை, தர்ஷினிக்குத் தேத்தண்ணி கொடுக்கிற வேலை. அந்த இடைவெளியில் தலைவர் திறந்திருந்த லேப்டொப்பில் அங்கே இங்கே தட்டி, முதல் நாள் எங்களிடமிருந்து வந்த போட்டோவைப் பார்த்துப் பார்த்து, அந்தச் சிவப்புப் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார். போட்டோ அனுப்பியது யார் என்று கேட்காதீர்கள். நான்தான். பெட்டி வேலை செய்கிறது என்று அவரைச் சமாதானப்படுத்த அனுப்பினேன்.

வெள்ளைத் துணியில் புரொஜெக்டர் வெளிச்சம் விழுந்தது. முழுக்கச் சிவப்பு எழுத்து. அதிதி விரலை நீட்டிக்கொண்டு கமராவைப் பார்த்துச் சிரித்தார். நான் பின்வரிசையில், நாற்காலிகளுக்கு அந்தப் பக்கம். எனக்கு வாய் வரவில்லை. படித்தவள், பத்தி எழுதுகிறவள்... வாய் வரவில்லை.

பூமாரிக்கு வந்தது.

"ஐயா, கைய எடுங்க."

தப்பு நின்றுவிட்டது. அவள் கெரம் போர்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சத்தம் போடவில்லை.

"அதுக்குள்ள எம் மகளோட சர்டிபிகேட் இருக்கு. இங்க நிக்கிற எல்லாரோடதும் இருக்கு. அதை அழிச்சுட்டு நீங்க என்னத்த ஐயா தொறக்கப் போறீங்க?"

அதிதி விரலை மடக்கினார். தலைவரைப் பார்த்தார். "ஏற்கனவே ஓடுதா இது?" என்று கேட்டார். ஓடுகிறது என்றாள் தர்ஷினி, தேத்தண்ணித் தட்டோடு. "அப்ப ஓடட்டும்" என்று சொல்லி, குத்துவிளக்கை மட்டும் ஏற்றிவிட்டு, அடுத்த திறப்பு விழாவுக்குப் புறப்பட்டார். பத்து நிமிடம். இதற்காகவா ஐந்து கிழமை?

சனம் வடை தின்று கலைந்த பிறகு நாங்கள் மூவரும் தேடினோம். பகல் இரண்டு மணிக்குப் பூமாரி, "இதுதான்" என்றாள். பெயரை வாசிக்கக்கூட இல்லை. ஓரத்தில் மஞ்சள் கறை. சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்த பத்திரமாம். இலக்கத்தையும் திகதியையும் இரண்டு தாளில் எழுதினேன். ஒன்று அவளிடம், ஒன்று என் கைப்பையில். திங்கட்கிழமை அவள் ஒப்பிசுக்குப் போய்ச் சான்றிதழோடு வந்தாள். அதே நாள்தான் எனக்கும் பதிவுத் தபால் வந்தது.

எனக்குத் தலைவர் மேல் மட்டும் கோபமில்லை. நாம் எல்லோரும் இப்படித்தான். தண்ணீர்த் தாங்கி கட்டினால் பெயர்க்கல்லைத் திறக்கும்வரை குழாயில் தண்ணீர் வராது. கழிப்பறை கட்டினால் விழா முடியும்வரை பூட்டு. ஒரு பொருள் யாருக்காக வந்ததோ, அவர்கள்தான் அதைக் கடைசியாகத் தொட வேண்டும் என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது? எல்லாவற்றையும் தொடக்கி வைக்க நமக்கு ஆள் இருக்கிறது. ஓடுவதைக் காப்பாற்றத்தான் கொழுந்து மலையிலிருந்து ஒருத்தி இறங்கி வர வேண்டியிருக்கிறது.

விளக்கம் கேட்டீர்கள் தலைவரே, இதுதான் விளக்கம். தயவுசெய்து இதை இரண்டு கொப்பி எடுத்து, ஒன்றை வேறு இடத்தில் வையுங்கள்.